வீல் நட்டுல ஸ்பேனர் ஏறமாட்டேங்கு – புது நட்டு எது வாங்க, ரோட்ல ஸ்டெப்னி மாத்த என்னெல்லாம் வண்டில வச்சிக்க?

பாளை_பயணி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். செகண்ட்ஹேண்ட்ல ஒரு ஸ்விஃப்ட் எடுத்துருக்கேன், நாலு ஓட்ட வீல். முந்தி வச்சிருந்தவரு வெளிய அலாய் வாங்கிப் போட்ருக்காரு, கூடவே பளபளன்னு குரோம் நட்டு. முன்டயர பின்னால மாத்திப் போடுவோம்னு வீட்டு வாசல்ல வச்சி வண்டியோட வந்த ஸ்பேனர மாட்டுனா பாதி நட்டுல ஏறவே மாட்டேங்கு. கீழ உக்காந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், குரோம் மூடியோட அடி ஓரத்துல காவிக் கலர்ல ஒரு கோடு ஓடுது, ஆறு மூலையும் மழுங்கி லேசா உப்பிக் கெடக்கு. ஒரு நட்டுல மூடி மட்டும் தனியா சுத்துது, உள்ள இருக்க நட்டு அசையவே இல்ல. நமக்கு திருச்செந்தூர் போக்குவரத்து அடிக்கடி உண்டு, வீட்டுக்காரி ஊரு நாரோயில், ராத்திரி நேரத்துலயும் பிள்ளைகளக் கூட்டிட்டு வருவோம். நடு ரோட்ல பஞ்சர் ஆச்சுன்னா ஸ்டெப்னி இருந்தும் என்ன பிரயோசனம்? இத எப்படிக் கழட்ட, புதுசு எது வாங்க, வண்டில வேற என்ன வச்சிக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை_பட்டறை:
தம்பி, நல்ல வேள வீட்டு வாசல்லயே தெரிஞ்சிட்டு. இது ரெண்டு துண்டு நட்டு. உள்ள சாதா இரும்பு, மேல மெல்லிசா ஒரு தகடு மூடி. மூடிக்கும் இரும்புக்கும் நடுவுல மழத்தண்ணி, வாட்டர் சர்வீஸ் தண்ணி எல்லாம் எறங்கி உள்ள துரு பிடிக்கும், துரு பிடிச்ச இரும்பு எடம் கூடுதலாக் கேக்கும்லா, அதான் மூடிய வெளிய தள்ளுது. 19 மில்லி இருந்த நட்டு பத்தொம்பதரை ஆயிடும், ஒங்க 19 ஸ்பேனர் எப்படி ஏறும்? இதுல பஞ்சர் கடைல நட்டு முறுக்குத மிஷின், ‘கன்’னும்பாவ, அத வச்சி அடிச்சா மூலை இன்னும் மழுங்கும்.

கழட்டுத விதம்: 20 ஆறு மூல சாக்கெட் எடுத்து சுத்தியலால தட்டி ஏத்துங்க, முக்காவாசி வந்துரும். பன்னெண்டு மூல சாக்கெட்ட தொடவே தொடாதிய, அது மூலையோட நுனிய மட்டும் புடிக்கும், வழுக்கி விட்ரும். மூடி தனியா சுத்துததுக்கு, சின்ன உளி வச்சி மூடிய உரிச்சு எடுத்துட்டா உள்ள 19க்கும் சின்ன நட்டு நிக்கும், அதுக்குத் தக்க சாக்கெட்ட இறுக்கமா அடிச்சு ஏத்துங்க. அலாய்ல உளி படாமப் பாத்துக்கங்க.

இன்னொண்ணு, நட்டு மாத்துததுக்கு மட்டும் ஜாக்கியே வேண்டாம். வண்டி தரைல நிக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு கியர்ல விட்டு, ஒரு வீல்ல ஒரு நட்ட மட்டும் கழட்டு, நட்டு ஏறுத மரைக் கம்பி இருக்குல்லா, அந்த ஸ்டட்ட கம்பி பிரஷ்ஷால தேச்சுத் தொட, புது நட்ட கையால ஏத்தி ஸ்பேனர்ல இறுக்கு, அடுத்ததுக்குப் போ. மத்த மூணும் வீல புடிச்சிக்கிட்டு இருக்கும். காப்பி ஆறுறதுக்குள்ள ஒரு வீல் முடிஞ்சிரும்.

வாங்குறது ஒத்தத் துண்டு நட்டா இருக்கணும், மூடி கீடி ஒண்ணும் வேண்டாம். கடைல போயி சும்மா ‘வீல் நட்டு குடுங்க’ன்னு கேக்காதிய. மாருதிக்கு 12 மில்லி ஸ்டட்டு, மரை 1.25, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.25 மில்லி இடைவெளி. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா எல்லாம் அதே 12 மில்லி தான், ஆனா மரை 1.5. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். 1.5 நட்ட மாருதி ஸ்டட்ல போட்டா ஒரு சுத்து ரெண்டு சுத்து கையால போகும், அப்புறம் சிக்கும். அங்க ‘டைட்டா இருக்கு’ன்னு ஸ்பேனரப் போட்டு முறுக்குனா மரை போச்சு, ஸ்டட்டயே மாத்தணும். அதனால பழைய நட்டு ஒண்ணக் கையோட கொண்டு போங்க, புது நட்டு கைவெரலால ஸ்டட்ல கடைசி வரைக்கும் லேசாப் போணும். போகலன்னா அது ஒங்க நட்டு இல்ல.

அடுத்தது நட்டோட வாய், அதான் ரிம்மு குழில உக்காருத பக்கம். வெளி அலாய்க்கு பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வாய். ஃபோக்ஸ்வேகன் ஸ்கோடாவுக்கு உருண்ட வாய், அதுவும் நட்டு இல்ல போல்ட்டு, 14 மில்லி, 17 ஸ்பேனர். கூம்புக் குழில உருண்ட வாயப் போட்டா ஒரு வளையம் போல ஓரத்துல மட்டும் தொடும், இறுக்குன மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல தானா லூசாகும். லூசான வீல எப்படித் தெரியும்னா, நட்டைச் சுத்தி ரிம்முல கருப்பாவோ காவியாவோ பவுடர் கோடு கோடா ஒழுகி இருக்கும். அதப் பாத்தா அன்னைக்கே நிறுத்தி இறுக்கிரணும், ஓட்ட நீள்வட்டமா ஆயிருந்தா அந்த ரிம் கழிச்சுப் போட வேண்டியதுதான்.

டாக்ஸி_வள்ளியூர்:
பேட்டை அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணக் கூட்டிக்கிடுதேன். தம்பி, ஒங்க ஸ்டெப்னி அலாயா இரும்பா? வெளி அலாய் போட்ட வண்டில பெரும்பாலும் ஸ்டெப்னி கம்பெனி இரும்பு ரிம் தான் இருக்கும். அலாய்க்கு வாங்குன நட்டு அந்த இரும்பு ரிம்முல ஒழுங்கா உக்காருதான்னு ஒரு வாட்டி போட்டுப் பாத்துருங்க, உக்காரலன்னா கம்பெனி நட்டு நாலு தனியா ஒரு பைல போட்டு ஸ்டெப்னி குழிலயே வச்சிருங்க. போல்ட்டு வண்டிக்கு இது இன்னும் முக்கியம். அலாய் தடிமன்னு நீளப் போல்ட்டு போட்ருப்பாவ, அதே போல்ட்ட மெல்லிசு இரும்பு ரிம்முல போட்டா உள்ள கூடுதலா நீட்டி பின்னால பிரேக் டிரம்முல இடிக்கும்.

நான் நாங்குநேரி வள்ளியூர் ரூட்ல தெனமும் போய் வாரவன், நின்னு கெடக்குத வண்டியப் பாத்தா எறங்கிக் கேக்குத பழக்கம் உண்டு. பாதிப் பேருக்கு பிரச்சன பஞ்சரே கெடையாது. ஸ்டெப்னி புதுசா இருக்கும், ஜாக்கி இருக்கும், நட்டு தான் அசையாது. கடைசியா எந்தக் கடைலயோ கன்னால ‘டர்ர்ர்’னு அடிச்சு விட்டதுதான் காரணம். வீட்ல கைஸ்பேனரால தொறந்து பாக்காத வண்டிக்கு ஸ்டெப்னி இருக்குன்னே நான் கணக்குல எடுக்க மாட்டேன்.

தாழையூத்து_லாரி:
நாங்க லாரில ஸ்டட்டுக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டுத்தான் ஏத்துவோம், துருவும் பிடிக்காது, கழட்டவும் லேசா வரும். காருக்கும் கிரீஸ் தடவி விடுங்க தம்பி, அடுத்த தடவ இந்தக் கஷ்டமே இருக்காது. அப்புறம் நட்டு கழலலன்னா ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிங்க, தானா வரும். எல்லாம் இடப்பக்கம் திருப்புனா கழலும். பழைய வில்லிஸ் ஜீப்பா இருந்தா மட்டும் இடப்பக்கச் சக்கரத்துக்கு மாத்தித் திருப்பணும், அதுக்கு இடது மரை.

பேட்டை_பட்டறை:
அண்ணாச்சி, ஒங்க அனுபவத்துக்கு நான் கை எடுத்துக் கும்பிடுதேன், ஆனா கார் மேனுவல்ல ஆயில் போடச் சொல்லாத வண்டிக்கு போடக்கூடாது. ஏன்னா நாம ஸ்பேனர்ல குடுக்குத பலத்துல பத்துல ஒம்பது பங்கு உரசல்லயே செலவாயிருது, மிச்ச ஒரு பங்குதான் ஸ்டட்ட இழுத்து வீலப் புடிக்குது. மேனுவல்ல போட்டிருக்க முறுக்கு அளவு காஞ்ச மரைக்குள்ளது. கிரீஸ் தடவுனா உரசல் கொறஞ்சிரும், அதே அளவுக்கு முறுக்குனாலும் ஸ்டட்டு மேல வார இழுவ எங்கயோ போயிரும். ஸ்டட்டு நீண்டு போகும், ஒரு நாள் ‘டிக்’குனு முறியும். கம்பி பிரஷ்ஷால தேச்சு, துணியால தொடச்சு, காஞ்ச மரைலயே ஏத்துங்க. கிரீஸ் போடணும்னு ஆசையா இருந்தா வீல் மாட்டுத ஹப்பு நடுவுல வீல் உக்காருத வட்ட வெளிம்பு இருக்குல்லா, அதுல மட்டும் வெரலால ஒரு பூச்சு. ஸ்டட்லயும் வேண்டாம், நட்டு வாய்லயும் வேண்டாம், பிரேக் டிஸ்க்கு மேலயும் பட்ரக்கூடாது.

முறுக்கு அளவு: மாருதி பழைய மாடலுக்கு 85 நியூட்டன் மீட்டர், புது மாடல்ல 100. டொயோட்டாவுக்கு 103, ஃபோக்ஸ்வேகனுக்கு 120. ஒங்க மேனுவல்ல ஒரு வாட்டி பாத்துக்கங்க. ஏறி நின்னு மிதிச்சு கழட்டலாம், ஸ்பேனர் நேரா உக்காந்திருந்தா. ஆனா ஏறி நின்னு இறுக்காதிய.

அம்பை_டீச்சர்:
நான் அம்பாசமுத்திரத்துல இருந்து சேரன்மாதேவி வழியா தெனமும் தனியா ஓட்டிட்டுப் போறவ. எங்க வீட்ல ‘பொம்பளையால நட்டு கழட்ட முடியுமா, போன் பண்ணு வாரோம்’னு சொல்லுதாவ. சாயங்காலம் வீரவநல்லூர் தாண்டி நின்னா யாருக்கு எத்தன நேரம் காத்திருக்க? நெசமாவே பலம்தான் வேணுமா, இல்ல அதுக்கு முறை இருக்கா? பேட்டை அண்ணாச்சி கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

பேட்டை_பட்டறை:
டீச்சர், பலம் வேண்டாம், நீளம் வேணும். 85 நியூட்டன் மீட்டர்னா கால் மீட்டர் ஸ்பேனர் நுனில சுமார் 35 கிலோ அழுத்தணும். வண்டியோட வார ஸ்பேனர் கிட்டத்தட்ட அவ்வளவுதான் நீளம், அதான் கஷ்டமாத் தெரியுது. அதே நட்ட அர மீட்டர் கம்பில தொறந்தா 17, 18 கிலோ போதும். பிரேக்கர் பார்னு கேட்டா குடுப்பாவ, அதுக்கு ஒங்க வண்டி அளவுல ஆறு மூல சாக்கெட், ஒங்க அலாய் குழிக்குள்ள நொழையுத மெல்லிசு செவர் உள்ளதா வாங்குங்க. மாருதி, ஹோண்டான்னா 19, ஹூண்டாய், டொயோட்டான்னா 21. பிளஸ் ஸ்பேனரும் நல்லதுதான், ரெண்டு கையாலயும் ஒரு பக்கம் அழுத்தி ஒரு பக்கம் தூக்கலாம், ஸ்பேனர் சாயாது.

ஆனா துருப் பிடிச்சதுக்கும் கன்னால அடிச்சதுக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது. அதுக்குத்தான் பஞ்சர் கடைல கடைசி இறுக்கு கையால இறுக்கச் சொல்லி கூடவே நின்னு பாக்கணும். ‘கன்னுல லேசா ஒட்ட வச்சிட்டு கைல இறுக்குங்க அண்ணாச்சி’ன்னு சொன்னா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாவ.

வரிச: மொதல்ல ஸ்டெப்னிய வெளிய எடுத்து வச்சிருங்க. வண்டி தரைல நிக்கும்போதே எல்லா நட்டயும் அரச் சுத்து மட்டும் தளத்தணும், தூக்குன பொறவு தளத்துனா வீலும் சேந்து சுத்தும், வண்டியும் ஜாக்கில ஆடும். எதிர் மூலச் சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கல்லு. பாடிக்கு அடில ஓரத்துல ரெண்டு வெட்டுக்கு நடுவுல ஜாக்கி வைக்கணும், வேற எங்க வச்சாலும் தகடு நசுங்கும். கொஞ்சம் தூக்குன ஒடனே ஸ்டெப்னிய வண்டிக்கு அடில படுக்க வச்சிருங்க, ஜாக்கி சறுக்குனாலும் வண்டி டயர் மேல உக்காரும், கால் தப்பும். பொறவு வீலக் கழட்டி, கழட்டுனத அடில தள்ளிட்டு ஸ்டெப்னிய எடுத்து மாட்டுங்க. நட்ட மொதல்ல வெரலாலயே ஏத்துங்க, ஒண்ணு விட்டு எதிர்ல ஒண்ணு. எறக்குன பொறவு கடைசி இறுக்கும் எதிரும் புதிருமா. அம்பது நூறு கிலோமீட்டர் ஓடுன பொறவு இன்னொரு வாட்டி இறுக்கணும்.

காவல்கிணறு_காத்து:
எங்க பக்கத்து சங்கதி ஒண்ணு சொல்லணும். ஆனி ஆடி ஆவணில பணகுடி தாண்டுனா ஆரல்வாய்மொழி கணவாய்ல இருந்து வார காத்து சும்மா இல்ல, அதுக்குத்தான அங்க அத்தன காத்தாடி நிக்கி. அந்த வெட்டவெளில ஒல்லி ஜாக்கில தூக்குன வண்டி கண்ணு முன்னால ஆடும். அங்க மாத்தாதிய, மெதுவா ஓரமாவே உருட்டிட்டுப் போயி ஒரு ஹோட்டல் செவரோ பங்க்கோ மறைவா இருக்க எடத்துல நிறுத்துங்க. டயர் கெட்டுப் போனாப் போவுது. செவப்பு முக்கோணத்தக் காத்து தூக்கிட்டுப் போயிரும், அதோட கால்ல கல்லு வைக்கணும்.

முக்கோணத்த ரொம்பப் பேரு டிக்கிக்குப் பக்கத்துலயே வைக்காவ, அது எதுக்கு? நாப்பத்தி நாலாம் நம்பர் ரோட்ல 100ல வாரவன் ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் வாரான். அம்பது மீட்டர்ல வச்சா அவனுக்கு ரெண்டு செகண்டு கூடக் கெடையாது. நூறு மீட்டர் நடந்து போயி வைங்க. வலப்பக்கச் சக்கரம் பஞ்சர்னா ஒங்க முதுகு ரோட்டப் பாத்து இருக்கும், அப்படி ஹைவே ஓரத்துல உக்காரவே கூடாது, சர்வீஸ் ரோட்டுக்கு எறங்கிருங்க. பிள்ளைகள தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்க, வண்டிக்குள்ள இல்ல. தேசிய நெடுஞ்சால உதவிக்கு 1033, போன்ல இப்பவே சேத்து வச்சிக்கங்க.

கயத்தாறு பக்கம் போறவங்களுக்கு ஒண்ணு, அங்க கரிசல். ஐப்பசி கார்த்திகைல ரோட்ட விட்டு ஒரு அடி எறங்குனா ஜாக்கி மண்ணுக்குள்ள போகும், வண்டி எழும்பாது. ஒரு அடிக்கு ஒரு அடி தடிப் பலகத் துண்டு டிக்கில கெடக்கட்டும். நான் வச்சிருக்கது வைரம் பாஞ்ச பனங்கட்டத் துண்டு, எத்தன தூக்குக்கும் நசுங்கல.

உவரி_கரைவாசி:
கடல் பக்கத்து ஆளுக நட்டோட நிறுத்தக் கூடாது. எல்லா நட்டயும் கழட்டுன பொறவும் வீல் வராது. இரும்பு ஹப்பு, அலுமினிய ரிம்மு, நடுவுல உப்புக் காத்து, மூணும் சேந்து ஒட்டிக்கிடும். எங்க தெருவுல அலாய் போட்ட வண்டி எல்லாத்துக்கும் இது உண்டு. அதுக்காக ஜாக்கில நிக்குத வண்டிய வெறிபிடிச்ச மாதிரி ஒதைக்கக் கூடாது, விழுந்துரும். நட்ட ரெண்டு சுத்து மட்டும் தளத்தி விட்டு, வண்டிய எறக்கி, முன்னால பின்னால ஒரு அடி மெதுவா உருட்டுனா ‘டொப்’னு விட்டுரும். விட்ட ஒடனே நிறுத்திப் பழையபடி தூக்குங்க. அதுக்கும் வரலன்னா டயர் ஓரத்துல குதிங்காலால மேலயும் கீழயும் மாத்தி மாத்தி ஒரு தட்டு. மழக்காலத்துக்கு முன்னால ஒரு வாட்டி நாலு வீலயும் கழட்டி, ஹப்ப கம்பி பிரஷ்ஷால தேச்சு, அண்ணாச்சி சொன்ன அந்த வட்ட வெளிம்புல பூசி மாட்டுனா வருசம் முழுக்க நிம்மதி.

அப்புறம் உடைமுள்ளு. திசையன்விளை ராதாபுரம் பக்கம் ரோட்டோரம் ஒதுங்குனா முள்ளு ஏறாம இருக்காது. டியூப்லெஸ்னா முள்ளோ ஆணியோ ஏறுன ஒடனே புடுங்காதிய, அது அடச்சிக்கிட்டு இருக்க வரைக்கும் காத்து மெதுவாத்தான் எறங்கும். சிகரெட் லைட்டர்ல மாட்டுத குட்டிப் பம்பு ஒண்ணு இருந்தா காத்த ஏத்தி ஏத்தி பஞ்சர் கடைக்குப் போயிரலாம், பாதி நேரம் நட்டத் தொட வேண்டிய அவசியமே வராது. டயரோட பக்கச் செவர் கிழிஞ்சா மட்டும் அது வேலைக்கு ஆகாது, அங்க ஸ்டெப்னி தான்.

டாக்ஸி_வள்ளியூர்:
ஸ்டெப்னி பத்தி யாரும் பேசல. அதுல காத்து இருக்கான்னு யாரு பாக்கா? நாலு டயருக்குக் காத்து அடிக்கும்போது அஞ்சாவதையும் கேட்டு அடிங்க, கொஞ்சம் கூடவே வைங்க. இன்னோவா மாதிரி வண்டிக்கு ஸ்டெப்னி அடில தொங்கும், நீளக் கம்பியால சுத்தி எறக்கணும், அந்தச் செயின் சேறு பிடிச்சு இறுகிக் கெடக்கும், வருசத்துல ரெண்டு வாட்டியாவது எறக்கி ஏத்துங்க. டயர் செவர்ல நாலு நம்பர் அடிச்சிருக்கும், 2319னு இருந்தா 2019ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பூ தேயாம புதுசு மாதிரி இருந்தாலும் வயசான ரப்பர் வயசான ரப்பர் தான்.

ஒல்லி ஸ்டெப்னி வார வண்டில 80க்கு மேல போகக்கூடாது, அதுக்குக் காத்தும் 60 பிஎஸ்ஐ வேணும், சாதா டயர் கணக்குல 33 வச்சா ஆவாது. புது வண்டி எடுக்கவங்க டிக்கியத் தொறந்து பாத்து எடுங்க, 2020ல மத்திய அரசு விதியத் திருத்தி, காத்து கொறஞ்சா டேஷ்போர்டுல காட்டுத வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி இல்லாமலே கார் விக்கலாம்னு ஆக்கிட்டாவ. மாஞ்சோலை மாதிரி போன் டவர் எடுக்காத மலைக்கு அந்த வண்டில போறது எனக்கு சரியாப் படல. டவுனுக்குள்ள ஓட்ட அது போதும், நான் இல்லங்கல.

தாழையூத்து_லாரி:
பேட்டைக்காரர் சொன்ன கிரீஸ் கணக்கு புரிஞ்சிது, லாரி ஸ்டட்டு தடி வேற, கார் ஸ்டட்டு வேற, ஏத்துக்கிடுதேன். மலை பத்தி ஒண்ணு. ஏத்தத்துலயும் எறக்கத்துலயும் ஜாக்கி போடவே கூடாது, கல்லு வச்சாலும் கூடாது. கொண்ட ஊசி வளைவு தாண்டி கொஞ்சம் சமமா எடம் வரும், அது வரைக்கும் ஊந்துட்டுப் போங்க.

பாளை_பயணி:
எல்லாத்துக்கும் நன்றி. பேட்டை அண்ணாச்சி சொன்னபடியே 20 சாக்கெட்ட தட்டி ஏத்தி எல்லாம் வந்துட்டு, மூடி சுத்துன அந்த ஒண்ணு மட்டும் உளி வச்சி உரிச்சு எடுத்தேன். உள்ள பாத்தா தகட்டுக்கும் நட்டுக்கும் நடுவுல துரு ஏடு ஏடா உரிஞ்சு கொட்டுது. 1.25 மரை, கூம்பு வாய், ஒத்தத் துண்டு நட்டு பதினாறும் வண்ணாரப்பேட்டைல வாங்கி ஒவ்வொண்ணா மாத்திட்டேன். பிரேக்கர் பார், 19 சாக்கெட், காத்துப் பம்பு, பலகத் துண்டு, ரெண்டு கல்லுக்குப் பதிலா மரத்துல வெட்டுன ஆப்பு, நெத்தில கட்டுத லைட்டு, ரப்பர் கையுறை, முக்கோணம், எல்லாம் ஒரு சாக்குப் பைல கட்டி ஸ்டெப்னி குழிக்குள்ளயே வச்சிருக்கேன், மேல சாமான் ஏத்துனா எடுக்க லேட்டாகும்னு பம்பயும் முக்கோணத்தயும் மட்டும் சீட்டுக்கு அடில மாத்திட்டேன். ஸ்டெப்னி இரும்புதான், புது நட்டு அதுலயும் நல்லா உக்காருது, வீட்டுக்காரியும் ஒரு வாட்டி தானே கழட்டி மாட்டிப் பாத்துட்டா.

ரெண்டு சந்தேகம். நாலு வீலுக்கும் ஒவ்வொரு சாவி நட்டு, அதான் தனிச் சாவி போட்டாத்தான் கழலுத நட்டு, போடணும்னு கடைக்காரர் சொல்லுதாரு, அலாய் திருட்டுக்கு. போடலாமா? இன்னொண்ணு, ஒரு ஸ்டட்டுல மரை நுனில லேசா நசுங்கி இருக்கு, நட்டு போகுது ஆனா மொத சுத்து கரகரங்கு.

பேட்டை_பட்டறை:
சாவி நட்டு போட்டா அந்தச் சாவி எங்க இருக்குன்னு வண்டி ஓட்டுத எல்லாருக்கும் தெரியணும், பிரேக்கர் பார் பையிலயே கட்டிப் போடுங்க, வீட்டு பீரோல வச்சிராதிய. சர்வீஸ்க்கு விட்டா வாங்கும்போது சாவி திரும்பி வந்துட்டான்னு பாத்து வாங்கணும், கன்னால அடிச்சா அந்தச் சாவி நட்டோட பள்ளம் ஒடைஞ்சிரும், அதையும் சொல்லி விடுங்க. தெருவுலயே வண்டி நிக்கும்னா போடுங்க, காம்பவுண்டுக்குள்ள நிக்கும்னா எனக்கு அவசியம்னு தோணல.

கரகரங்குத ஸ்டட்ட அப்படியே விடாதிய. 12க்கு 1.25 டை, அதான் மரை வெட்டுத அச்சு, போட்டு ஒரு வாட்டி ஓட்டுனா நுனி சரியாகும், எந்த லேத் பட்டறைலயும் செய்வாவ. உள் மரை வரைக்கும் போயிருந்தா ஸ்டட்ட மாத்திரணும், பின்னால இருந்து அழுத்தி ஏத்துன ஸ்டட்டு தான், பழசத் தட்டி வெளிய எடுத்து புதுச பிரஸ்ல ஏத்துனா நேரா உக்காரும். சுத்தியலால அடிச்சு ஏத்த விடாதிய, பேரிங்க் அடி வாங்கும். நாரோயில் போறதுக்கு முன்னாலயே செஞ்சிருங்க, போய்ட்டு வந்த பொறவு பதினாறையும் இன்னொரு வாட்டி இறுக்கிப் பாருங்க.

அம்பை_டீச்சர்:
அண்ணாச்சி, எனக்கு 21 சாக்கெட் கெடச்சிட்டு, ஆனா கடைல கம்பி சொருகுத சதுர ஓட்ட அர இஞ்ச்சா, முக்கா இஞ்ச்சான்னு கேக்காவ.

பேட்டை_பட்டறை:
அர இஞ்ச் வாங்குங்க டீச்சர். முக்கா லாரிக்கு, தூக்கவே பாரமா இருக்கும்.